‘நல்ல நிலை’ என்று வாங்கிய பழைய காமிக்ஸ் குறைகளோடு வந்தால் விற்றவரிடம் எதை, எப்படிக் கேட்பது?

தாமிரபரணி வாசகன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். முகநூல் குழு ஒன்றில் பழைய காமிக்ஸ்களைத் தொடர்ந்து விற்றுவரும் ஒருவரிடம், 1990க்கு முந்தைய முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இதழ்கள் பன்னிரண்டை மொத்தமாக 9,600 ரூபாய்க்கு வாங்கினேன். ‘அனைத்தும் நல்ல நிலை, பக்கங்கள் முழுமை’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். முன்னட்டைகளின் படங்கள் மட்டுமே இருந்தன. உள்பக்கப் படங்களைக் கேட்டபோது, பல வருடங்களாகக் கொடுத்துக்கொண்டிருப்பதாகவும் நம்பி வாங்கலாம் என்றும் பதில் வந்தது. முழுத்தொகையையும் யுபிஐ வழியாக அனுப்பினேன்.

வந்தவற்றில் எட்டு இதழ்கள் அவர் சொன்னபடியே இருக்கின்றன. மீதி நான்கில் ஒன்றில் நடுத்தாள் இல்லை. கதை உச்சத்தை எட்டும் இடத்தில் நான்கு பக்கங்கள் காணோம். இரண்டு இதழ்கள் எப்போதோ பைண்டிங் செய்யப்பட்டு, மூன்று ஓரங்களிலும் வெட்டப்பட்டு, மறுபடி பிரிக்கப்பட்டவை. நான்காவதன் அட்டை வண்ண ஜெராக்ஸ் என்று சந்தேகிக்கிறேன். விற்றவரிடம் கேட்டதற்கு, ‘நாற்பது வருடப் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்ததுபோலவா இருக்கும்? பழைய புத்தகத்துக்கு ரிட்டன் கிடையாது’ என்று எழுதிவிட்டார்.

தாள் பழுப்பேறியிருப்பதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. இந்த நான்கையும் என்ன செய்வது, எந்த வார்த்தைகளில் கேட்பது, அவர் மறுத்தால் எங்கே போவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈரோடு சேகரிப்பாளர் எழுதியது:

நண்பரே, வயதினால் வந்த குறையையும் விற்றவர் சொல்லாமல் விட்ட குறையையும் நீங்களே பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். பேச்சுவார்த்தையின் கடைசி வரை இந்தப் பிரிவை விட்டுவிடாதீர்கள். முத்து காமிக்ஸ் 1972இலும் ராணி காமிக்ஸ் 1984இலும் தொடங்கியபோது அவை படித்துக் கை மாற்றிக்கொள்வதற்காக மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சிடப்பட்டவை. அந்தக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் என்ற வேதிப்பொருள் அப்படியே தங்கியிருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், ஓரம் பொடியும். நம் ஊர் ஈரக்காற்றில் இதழைக் கோத்திருக்கும் கம்பிப் பின் துருப்பிடித்து அந்தக் கறை இரண்டு மூன்று பக்கங்களுக்கு இறங்கும். இவற்றைக் குறை என்று சொல்லி ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் நான் விற்றவர் பக்கமே நிற்பேன்.

ஆனால் நடுத்தாள் இல்லாமல் போவதற்கும், அட்டை மாறுவதற்கும், கத்தி பட்டு ஓரம் போவதற்கும் காலம் காரணமல்ல. அவை ஒருவருடைய கையால் நடந்தவை. இதழைப் புரட்டிப் பார்த்த எவருக்கும் தெரியக்கூடியவை. வாடகை நூல் நிலையங்கள் நான்கைந்து இதழ்களை ஒன்றாக வைத்துத் தைத்து, ஓரம் சமப்படுத்தி, கெட்டி அட்டை போட்டு வைத்திருந்த காலம் உண்டு. அந்த வழியில் வந்த பிரதிகள் இன்று சந்தையில் ஏராளமாக இருக்கின்றன, அவற்றை விற்பதில் தவறும் இல்லை. ‘பைண்டிங்கிலிருந்து பிரித்தது, ஓரம் வெட்டப்பட்டது’ என்று எழுதி அதற்கேற்ற விலை சொன்னால் வாங்க ஆட்கள் இருக்கிறார்கள், நானே வாங்கியிருக்கிறேன்.

எனவே ‘ஏமாந்துவிட்டேன்’, ‘மிகவும் மோசம்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். ‘பக்கங்கள் முழுமை என்று எழுதியிருந்தீர்கள்; இந்த இதழில் இன்ன பக்கத்திலிருந்து இன்ன பக்கம் வரை இல்லை’ என்று எழுதுங்கள். முதல் வகை வாக்கியத்துக்கு எதிர்வாதம் எளிது, இரண்டாவதற்குக் கிடையாது.

பழைய பக்கங்கள் எழுதியது:

நானும் கோவையில் பழைய காமிக்ஸ் விற்பவன். என் போன்றவர்கள் பக்கத்தையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும். ‘ரிட்டன் கிடையாது’ என்ற வரியை எல்லோரும் திமிரினால் எழுதுவதில்லை. அரிதான இதழை வாங்கி, இரவோடு இரவாக ஸ்கேன் செய்துவிட்டு, ‘எதிர்பார்த்தபடி இல்லை’ என்று திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் மோசமாக, நல்ல பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தன்னுடைய கிழிந்த பிரதியை அனுப்பி வைத்தவரும் உண்டு. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பிரதியிலும் துருக்கறை இருக்கும் இடம், யாரோ எழுதிய பெயர், அட்டை மடிப்பு ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளப் பழகினேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பக்கங்கள் முழுமை’ என்று எழுதுகிறவன் பக்கங்களை எண்ணியிருக்க வேண்டும். எண்ண நேரமில்லை என்றால் ‘எண்ணிப் பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டும். மொத்தமாக வீட்டைக் காலி செய்பவர்களிடமிருந்து எடைக்கு எடுத்து அப்படியே விற்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள், அவர்களில் பலர் இதழைத் திறந்தே பார்ப்பதில்லை. அதனால் அவர் தெரிந்தே மறைத்தார் என்று ஆரம்பத்திலேயே குற்றம் சாட்டாதீர்கள். தெரியாமல் நடந்திருந்தாலும் திருப்பித் தர வேண்டியது அவர் கடமைதான். ஆனால் திருடன் என்று அழைக்கப்பட்டவர் எவரும் பணத்தை எளிதில் திருப்பித் தருவதில்லை.

நூல்தையல் எழுதியது:

நூலகம் ஒன்றில் பழைய நூல்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறேன். விற்றவருக்கு எழுதும் முன் உங்கள் கையில் இருக்கும் சான்றுகளை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் ‘சந்தேகிக்கிறேன்’ என்று எழுதிய மறுகணமே பேச்சு திசை மாறிவிடும்.

முதலில் அட்டை. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அச்சகத்தில் ஆஃப்செட் முறையில் அச்சான வண்ணம் ஒழுங்கான புள்ளிகளாக, சிறு பூக்கள்போல் கூடித் தெரியும். லேசர் அச்சில் மெல்லிய கோடுகளோ வேறுவகைப் புள்ளிகளோ தெரியும், மேலும் முதுகு மடிப்பில் டோனர் என்ற மைத்தூள் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அதைவிட நம்பகமானது கம்பிப் பின். நாற்பது வருடம் ஒன்றாக இருந்த அட்டையிலும் உள்தாளிலும் துருக்கறை ஒரே இடத்தில் ஒரே வடிவில் இறங்கியிருக்கும். உள்தாளில் துரு இருக்க, அட்டையின் துளை சுத்தமாக இருந்தால், அல்லது அட்டையில் ஒரு ஜோடியும் உள்தாளில் இரண்டு ஜோடியுமாகத் துளைகள் இருந்தால், அட்டை பின்னால் வந்து சேர்ந்தது. கடைகளில் ரூபாய் நோட்டைப் பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் இன்றைய ஜெராக்ஸ் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிரும். அக்கால அட்டைத்தாள்களில் சிலவும் ஒளிரக்கூடும் என்பதால், அதே வரிசையின் வேறோர் இதழைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

ஓரம் வெட்டப்பட்டவற்றுக்கு அளவுகோலே போதும். அதே ஆண்டின் வெட்டாத இதழோடு சேர்த்து வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்து, அளவுகோல் தெரியும்படி படமெடுங்கள். முதுகை ஒட்டி வரிசையாகத் தையல் துளைகள் இருந்தால் அதையும் எடுங்கள். ஓரக் கட்டங்களில் வசனப் பலூன் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். வெள்ளை ஓரம் குறைவது ஒன்று, எழுத்தே போவது மற்றொன்று.

நடுத்தாள் பற்றி ஒரு சிறு குறிப்பு. நடுவில் பின் அடித்த இதழில் ஒரு தாள் நான்கு பக்கம். நடுத்தாள் போனால் தொடர்ச்சியாக நான்கு பக்கங்கள் போகும். வேறு தாள் போனால் முன்பாதியில் இரண்டும் பின்பாதியில் இரண்டும் போகும், அதை முதல் புரட்டலில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சரியாக இருப்பதாகச் சொன்ன எட்டையும் ஒருமுறை பக்க எண் பார்த்துவிடுங்கள்.

கிழிசல் ஏதேனும் இருந்தால் அது பழையதா தபாலில் நேர்ந்ததா என்பதும் தெரியும்: பழைய கிழிசலின் ஓரம் தாளின் மற்ற இடங்களைப்போலவே கறுத்திருக்கும், புதிய கிழிசலின் உள்நார் வெளிறித் தெரியும். விவகாரம் முடியும்வரை டேப்பை உரிக்கவோ, துருப்பின்னைக் கழற்றவோ, அழுத்தி நிமிர்த்தவோ கூடாது. நான்கையும் தனியாக ஒரு மூடிய பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். வெள்ளிப்பூச்சி இருந்தால் உங்கள் மற்ற இதழ்களுக்குப் பரவிவிடும்.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவரணையை நம்பி ஒரு பொருள் விற்கப்படும்போது அப்பொருள் அந்த விவரணையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. விற்றவர் கடைக்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை; தன் சேகரிப்பிலிருந்து விற்கும் தனிநபருக்கும் அது பொருந்தும். ஆனால் அதே சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் பொருளை வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தொடர்ந்து வியாபாரம் செய்பவருக்கு எதிராகவே பயன்படும். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் காலவரை குறிப்பிடாவிட்டால் முப்பது நாள் என்றும் சொல்கிறது. ‘ரிட்டன் கிடையாது’ என்று எழுதிவிட்டதாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே புகார் அளிக்கலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். ஒருவேளை அவர் எப்போதாவது ஒருமுறை தன் புத்தகங்களை விற்பவராக இருந்தால் மேலே சொன்ன ஆணைய வழி கடினம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் அத்தகைய தனிநபரை விலக்கிவைக்கின்றன. எனவே அவர் தொடர்ந்து விற்பவர் என்பதைக் காட்டும் பழைய விளம்பரங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு நின்றுவிடாமல், கைப்பேசியில் உள்ள மூல உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023இன் 63ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது, அதற்கு மூலம் இருப்பது நல்லது. தனிநபர் கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்பிய பணத்தை ‘பொருள் சரியில்லை’ என்ற காரணத்துக்காக வங்கி திருப்பித் தராது. கடன் அட்டையில் இருக்கும் அந்த வசதி இதில் இல்லை. 1930 என்ற சைபர் குற்ற எண் பணத்தை வாங்கிக்கொண்டு எதையுமே அனுப்பாமல் மறைந்துவிடுபவர்களுக்கானது. தரத் தகராறுக்கு அங்கே போக வேண்டாம்.

மலைக்கோட்டை மாயாவி எழுதியது:

இவ்வளவு சுற்றிவளைப்பது எதற்கு? அவர் பெயரையும் எண்ணையும் இங்கேயும் எல்லாக் குழுக்களிலும் போடுங்கள். நாளைக் காலையில் பணம் வந்துவிடும். நாம் பேசாமல் இருப்பதால்தான் இவர்கள் அடுத்தவரையும் இதேபோல் நடத்துகிறார்கள். காமிக்ஸ் வாங்குகிறவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் இல்லை. சிறுவயதில் தொலைத்த ஓர் இதழுக்காக மாதக்கணக்கில் பணம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

மாயாவி, உங்கள் கோபம் புரிகிறது. ஆயினும் ஒருதரப்பு விவரத்தை மட்டும் வைத்து எவருடைய பெயரையும் எண்ணையும் இங்கே வெளியிட அனுமதிக்க மாட்டோம். விற்றவர் எழுத்தில் மறுத்து, பொருள் எந்த விவரணையோடு பொருந்தவில்லை என்பது படங்களோடு நிறுவப்பட்ட பிறகு, நடந்ததை நடந்தபடி எழுதுவது வேறு விஷயம். அப்போதும் நிகழ்ச்சி மட்டுமே இருக்க வேண்டும், வசைச்சொல் கூடாது.

சிங்கை வாசகி எழுதியது:

நான் இங்கிருந்து அமெரிக்கப் பழைய காமிக்ஸ்களை ஈபே என்ற இணையச் சந்தைத் தளத்தில் வாங்குபவள். அங்கே இந்தச் சச்சரவின் வடிவமே வேறு, ஏனெனில் நிலையைச் சொல்ல ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. 0.5 முதல் 10 வரை எண். 1970இல் முதன்முதலாக வந்த ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு வளர்த்தெடுத்த சொற்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து சி.ஜி.சி. என்ற நிறுவனம் இதழை ஆராய்ந்து, எண் கொடுத்து, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகிறது. பழுதுபார்க்கப்பட்டதற்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டுப்போட்டதை ஒட்டாததுபோல் விற்க வழியில்லை.

புதிதாக வாங்குவோர் தடுமாறும் இடமும் அங்கேயே இருக்கிறது. ‘குட்’ என்று போட்டிருந்தால் நல்ல பிரதி என்று நாம் நினைக்கிறோம். அந்த அளவுகோலில் அது வெறும் 2.0, அதாவது நன்றாகத் தேய்ந்து, மடிந்து, முதுகு சுருண்ட பிரதி. அதைக் காட்டித் தகராறு செய்தால் வாங்கியவருக்கு எதிராகவே தீர்ப்பு வரும். விவரணைக்கு மாறாக இருந்தால் மட்டும், இதழ் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் முறையிட வேண்டும். விற்றவர் சொந்தச் செலவில் திரும்பப் பெற வேண்டும். தளத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று விற்பவர் அழைத்தால் நான் போவதில்லை. வெளியே போன பேச்சுக்குத் தளம் பொறுப்பேற்காது.

தமிழ் இதழ்களுக்கு அப்படி ஓர் எண் முறை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் புழங்கும் பிரதிகளின் எண்ணிக்கைக்கும் விலைக்கும் அது தாங்காது. ஆனால் ‘நல்ல நிலை’ என்ற இரண்டு சொற்களை நம்பிப் பத்தாயிரம் ரூபாய் கைமாறுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பழைய பக்கங்கள் எழுதியது:

சகோதரி சொல்வது சரி. எண் வேண்டாம், பக்கங்கள் எண்ணப்பட்டனவா, அட்டை அசலா, ஓரம் வெட்டப்பட்டதா, டேப் எங்கே இருக்கிறது, முதல் வெளியீடா மறுபதிப்பா என்று ஐந்து விஷயங்களை விற்பவர் எழுதினாலே தகராறில் பெரும்பகுதி எழாது. கடைசியாகச் சொன்னதை யாரும் இங்கே எடுக்கவில்லை. முத்து காமிக்ஸின் பழைய கதைகள் பல, காமிக்ஸ் கிளாசிக்ஸ் போன்ற வரிசைகளில் மறுபதிப்பாக வந்திருக்கின்றன. அட்டை போய்விட்ட மறுபதிப்பை முதல் வெளியீடு என்று நினைத்தே விற்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் விளம்பரங்களையும் அடுத்த வெளியீட்டு அறிவிப்பையும் பார்த்தால் காலம் தெரிந்துவிடும்.

தாமிரபரணி அவர்களே, ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்கிறேன். பன்னிரண்டுக்கும் ஒரே விலை பேசியிருக்கிறீர்கள். நான்கைத் திருப்பினால் நான்குக்கு 3,200 என்று நீங்கள் கணக்கிடுவீர்கள். அந்த நான்கும் மலிவானவை, விலை முழுவதும் மற்ற எட்டில்தான் என்று அவர் சொல்லுவார். பேச்சு இங்கேதான் முறியும். எனவே நீங்களே இரண்டு வழிகளை முன்வையுங்கள்: பன்னிரண்டையும் திருப்பி முழுத்தொகை, அல்லது நான்கைத் திருப்பி 3,200. தேர்வு அவருடையதாக இருக்கட்டும். நான் விற்பவனாக இருந்தால் நல்ல எட்டையும் திரும்ப வாங்கி மறுபடி ஆள் தேட விரும்ப மாட்டேன்.

தாமிரபரணி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நூல்தையல் அம்மா சொன்னபடி பார்த்தேன். அட்டையின் துளைகள் சுத்தமாகவும் உள்தாளில் துரு ஆழமாகவும் இருக்கின்றன, பூதக்கண்ணாடியில் கோடுகள் தெரிகின்றன, சந்தேகத்துக்கு இடமில்லை. எட்டு இதழ்களும் முழுமையாக இருக்கின்றன. வெட்டப்பட்ட இரண்டில் ஒன்றில் வெள்ளை ஓரம் மட்டும் குறைந்திருக்கிறது, மற்றதில் பல பக்கங்களில் வசனத்தின் கடைசி எழுத்துகளே இல்லை.

விற்றவருக்கு இப்படி எழுதினேன்: ‘ஐயா, தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு இதழ்களில் எட்டு தாங்கள் எழுதியபடியே உள்ளன, மகிழ்ச்சி. நான்கு தங்கள் விவரணையோடு ஒத்துப்போகவில்லை. பழுப்பு, துரு, மடிப்பு ஆகியவற்றை நான் குறையாகக் கொள்ளவில்லை. இணைத்துள்ள படங்களில் ஒன்றாம் இதழில் நடுத்தாள் இல்லாததையும், இரண்டாம் மூன்றாம் இதழ்களின் அளவையும், நான்காம் இதழின் அட்டை நகல் என்பதையும் காணலாம். இந்த நான்கையும் ஏற்க இயலாது என்பதை இதன் மூலம் தெரிவிக்கிறேன். இவற்றை வந்த நிலையிலேயே பாதுகாத்து வைத்திருக்கிறேன். நான்கையும் பெற்றுக்கொண்டு 3,200 ரூபாயும் அனுப்பும் செலவும் தரலாம், அல்லது பன்னிரண்டையும் பெற்றுக்கொண்டு முழுத்தொகை தரலாம். வரும் சனிக்கிழமைக்குள் தங்கள் முடிவை அறிவிக்க வேண்டுகிறேன்.’

பதில் வந்தது. நடுத்தாள் இல்லாததையும் ஜெராக்ஸ் அட்டையையும் ஏற்றுக்கொண்டு 1,600 ரூபாய் தருகிறார். ஒரு வீட்டில் மொத்தமாக எடுத்தபோது கவனிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பழைய பக்கங்கள் ஊகித்ததேதான். வெட்டப்பட்டவை இரண்டையும் பற்றி, ‘படிக்க முடிகிறதே, வெட்டவில்லை என்று நான் எங்கே எழுதினேன்?’ என்று கேட்கிறார்.

ஈரோடு சேகரிப்பாளர் எழுதியது:

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஓரம் மட்டும் குறைந்ததை என்னைப்போன்ற சேகரிப்பாளன் குறை என்பான், வாசகர் ஒருவர் கவனிக்கவே மாட்டார். ‘நல்ல நிலை’ என்பதற்குள் அது அடங்குமா அடங்காதா என்று இருவரும் நாள்முழுக்க வாதாடலாம். அதை விலைக்குறைப்பில் முடித்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் வெட்டுப்பட்டது அப்படியல்ல. பக்கத்தின் ஒரு பகுதி இல்லாத இதழை ‘பக்கங்கள் முழுமை’ என்று எவரும் சொல்ல முடியாது. அந்த வரியையே அவருக்குத் திருப்பிக் காட்டுங்கள்.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

நானும் அதையே சொல்வேன். உடன்பாடு ஏற்பட்டால், எந்த இதழுக்கு எவ்வளவு என்பதையும், அதோடு விவகாரம் முடிகிறது என்பதையும் இருவரும் ஒரே செய்தியில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் முதலா புத்தகம் முதலா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அஞ்சலில் சேர்த்த ரசீதை அனுப்பியவுடன் பாதி, இதழ்கள் கிடைத்தவுடன் மீதி என்பது இருதரப்புக்கும் ஒத்துவரும்.

தாமிரபரணி வாசகன் எழுதியது:

அந்த வரியைக் காட்டி எழுதினேன். எழுத்து போன இதழையும் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். ஓரம் மட்டும் குறைந்ததை 400 ரூபாய் குறைத்து நானே வைத்துக்கொள்கிறேன். மூன்று இதழ்களுக்கு 2,400, குறைப்பு 400, ஆக 2,800 ரூபாய்; அனுப்பும் செலவு பாதிப் பாதி. ரசீது அனுப்பியதும் பாதித்தொகை என்பதற்கும் சம்மதித்துவிட்டார். அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் இருக்கிறதா?

நூல்தையல் எழுதியது:

ஒவ்வோர் இதழையும் முன், பின், முதுகு, குறை உள்ள பக்கம் எனப் படமெடுத்து, அவை உறைக்குள் போவதையும் உறை ஒட்டப்படுவதையும் இடையில் வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரதி மாறியது என்ற பேச்சுக்கு இடமிருக்காது. மூன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இட்டு, இதழைவிட எல்லாப் பக்கமும் ஓரங்குலம் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். டேப் அட்டையின்மேல்தான் ஒட்ட வேண்டும், பிளாஸ்டிக் உறையின் வாயில் ஒட்டினால் வெளியே எடுக்கும்போது இதழின் அட்டையில் பிடித்துக்கொள்ளும். நகல் அட்டையைக் கழற்றாமல் வந்தபடியே அனுப்புங்கள். அவர் அதை மறுபடி விற்கப் போகிறார் என்றால், அட்டை நகல் என்று விளம்பரத்தில் எழுதும்படி உடன்பாட்டுச் செய்தியிலேயே கேட்டுக்கொள்ளலாம்.